குடுமியான்மலையும் இணையப் படிப்பின் முதற்பக்கமும்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலைக்குப் போகிறவர்கள், சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபங்களையும் அங்குள்ள சிற்பங்களையும் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. ஆனால் சற்றுப் பொறுமையோடு மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே சென்று, அதனை ஒட்டிய பாறையின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு, அங்கே ஒரு பாடம் கல்லிலே எழுதப்பட்டு மாணவர்களுக்காகக் காத்திருப்பது தெரியவரும். சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில், 38 வரிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும் அந்தச் சாசனம் சங்கீதத்தைப் பற்றியது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. 1904ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் கண்ணிற்பட்ட அதனைப் பி. ஆர். பண்டார்கர் ஆராய்ந்து, ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் சிவபெருமானுக்கு வணக்கம். பிறகு மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என ஏழு ராகங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு; தலைப்பின் கீழே நான்கு நான்காக வகுத்த சுரக்கோவைகள். ஈற்றில், இதனைச் செய்தவன் ருத்ராசாரியரின் சிஷ்யனும் சிவபக்தனுமான ஓர் அரசன் என்றும், சிஷ்யர்களின் நன்மைக்காகவே இதனைச் செய்தான் என்றும் ஒரு குறிப்பு. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனே என்ற கருத்து வெகுகாலம் வழங்கிற்று. அதில் அறிஞரிடையே ஒருமையில்லை. அக்குறிப்பின் கீழே, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு வரி காணப்படுகிறது. வாத்தியத்தின் நரம்புகளை எண்ணியே அது சொல்லப்பட்டது என்று பொருள் கொள்வோர் உண்டு. கற்பிக்கப்படுவது யாது, எந்த வரிசையில், கற்பிப்பவர் யாருடைய மரபில் வந்தவர், யாருக்காகக் கற்பிக்கிறார், கற்பதற்கு என்ன கருவி வேண்டும் ஆகிய இவை அனைத்தும், ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் பாறையின்முன் வந்து நிற்கும் மாணவனுக்குத் தெரிந்துவிடுகின்றன.

இந்தச் சாசனத்தை நான் இங்கே நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் இணையவழிப் படிப்புகளை ஆரம்பிக்கும் ஆசிரியர்கள், காணொளிகளைத் தயாரிப்பதிலும் வினாத்தாள்களை ஏற்றுவதிலும் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும், படிப்பின் அடிப்படை விவரங்களை எழுதும் முதற்பக்கத்தின்மீது காட்டுவதில்லை. அதனை அலுவலகப் படிவமாக எண்ணி இரண்டு நிமிஷத்தில் நிரப்பிவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். வகுப்பறையில் ஆசிரியரின் முகமும் குரலும், முதல்நாள் பேச்சும், முந்தைய ஆண்டு மாணவர்கள் சொல்லும் செய்திகளும் தெரிவித்துவிடும் எல்லாவற்றையும் இணையத்தில் இந்த ஒரு பக்கமே தெரிவித்தாக வேண்டும்.

உலகெங்கும் கல்விக்கூடங்களில் பெருவழக்காகியுள்ள ‘மூடில்’ என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதனை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், அருகில் பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில், வானொலி வழியாகவும் விமானத்தில் வரும் பாடத்தாள்கள் வழியாகவும் படித்தவர். அதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. அதில் புதிய படிப்பு ஒன்றைத் தொடங்க முற்படும் ஆசிரியருக்கு முதலில் தோன்றுவது, முழுப்பெயர், சுருக்கப்பெயர், வகை, தொடக்க நாள், முடிவு நாள், அடையாள எண், விவரக்குறிப்பு, படம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு பக்கம்.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ஆம் ஆண்டிலேயே தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடங்களை நூலாக அச்சிட்டது. அந்தப் பாரம்பரியத்தை மனத்திற்கொண்டு ஓர் ஆசிரியர் கல்வெட்டு வாசிப்பைக் கற்பிக்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கல்வெட்டியல் - 1’ என்று அவர் பெயரிட்டால், அது துறைக்குப் புரியும்; ஆவுடையார்கோயிலில் மளிகைக்கடை நடத்திக்கொண்டு, கோயிற்சுவரில் தாம் தினமும் காணும் எழுத்து என்ன சொல்கிறது என்று அறியத் துடிக்கும் மனிதருக்குப் புரியாது. ‘சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை வாசிக்கக் கற்றல்’ என்று எழுதினால் இருவருக்கும் புரியும். சுருக்கப்பெயரோ, படிப்பின் உட்பக்கங்களிலும் மாணவருக்குப் போகும் மின்னஞ்சல்களிலும் வருவது. ஒரே தளத்தில் இரண்டு படிப்புகளுக்கு ஒரே சுருக்கப்பெயர் அமையலாகாது. ஆதலின் ஆண்டையோ பருவத்தையோ அதனோடு சேர்த்துவிடுவது அனுகூலம். அடையாள எண் பெரும்பாலும் அலுவலகத்தின் தேவைக்கு உரியது.

தேதிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரவாரியாகப் பாடங்களை அமைக்கும் முறையைத் தேர்ந்துகொண்டால், தொடக்க நாளைக் கொண்டே மூடில் ஒவ்வொரு வாரத்தின் தலைப்பையும் தானாகக் கணக்கிட்டு எழுதிக்கொள்கிறது. தொடக்க நாள் பிழையானால் வாரங்கள் அனைத்தும் பிழையாகும். முடிவு நாள் கடந்ததும் மாணவருடைய பக்கத்தில் அப்படிப்பு, முடிந்தவற்றின் வரிசைக்குப் போய்விடும். ஆனால் அந்நாளோடு பாடங்கள் பூட்டப்பட்டுவிடும் என்று பலரும் எண்ணிக்கொள்வது சரியன்று. சில ஆண்டுகளுக்கு முன் நானே ஓர் இணையப் படிப்பில் சேர்ந்து, முதல் பாடம் வரும் வரும் என்று மூன்று வாரம் ஆவலோடு காத்திருந்தேன். முந்தைய ஆண்டின் படிப்பைப் பிரதியெடுத்தவர்கள் தேதிகளை மாற்ற மறந்துவிட்டார்கள் என்பதும், பாடங்கள் எல்லாம் ‘முடிந்தவை’ என்ற தலைப்பின்கீழ் அத்தனை நாளும் இருந்தன என்பதும் பிறகே தெரிந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் எத்தனைபேர் அதற்குள் மனம் சலித்து விலகிப்போயிருப்பார்கள் என்று எண்ணும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் இளைஞர்களுக்கு நம்முடைய இரவு 8 மணி என்பது 10.30 மணி. நேரடி வகுப்பு இந்திய நேரப்படி எப்போது என்றும், அதன் பதிவு பின்னர் கிடைக்குமா என்றும் இரண்டு வரி எழுதிவிட்டால், அவர்கள் சேர்வதா வேண்டாமா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள். உள்ளூரிலோ நிலைமை வேறு. ஒரு கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போன தகப்பனார் மாலையில் வீடு திரும்பினால்தான் பிள்ளையின் கைக்கு வரும் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் நம் கிராமங்களில் பல உண்டு. அப்பிள்ளைக்கு, வாரத்துக்கு எத்தனை நிமிஷக் காணொளி, அதனை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்க இயலுமா என்ற விவரங்களைக் காட்டிலும் பிரதானமான விவரம் வேறு இல்லை.

கற்பவரின் பொழுதையும் வாழ்க்கையையும் முதலில் கணக்கிலெடுத்துப் பாடத்தை வகுப்பது புதுக்கோட்டைக்குப் புதிய விஷயமன்று. 1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வேரூன்றியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முனைப்பால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்குவாரியில் உழைப்பவர்களும் வயல்வேலை செய்பவர்களும் ஊர்விட்டு ஊர் போகப் பேருந்துக்குக் காத்துக் கிடக்கவேண்டியிருந்த நிலையை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் அணிவகுத்து வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதன் மூலம் உலகமே அறிந்தது. யாருக்காக இப்பாடம் என்ற கேள்விக்கு அந்த இயக்கத்தார் முதலிலேயே தெளிவான விடை வைத்திருந்தார்கள்.

அந்த விடையை எழுதவேண்டிய இடம்தான் விவரக்குறிப்பு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் ஆரம்பித்த ‘என்பிடெல்’ திட்டத்தின் படிப்புகளைப் பார்த்தால் இதற்கு நல்ல முன்மாதிரி கிடைக்கும்: யாருக்கு உரியது, முன்னரே என்ன தெரிந்திருக்க வேண்டும், 4 வாரமா, 8 வாரமா, 12 வாரமா, வாரந்தோறும் என்ன பாடம், ஆசிரியர் யார், என்ன நூல்கள், சேர்வதற்குக் கட்டணமில்லை என்றாலும் சான்றிதழ்த் தேர்வுக்கு உண்டு என்பன யாவும், சேருமுன்பே மாணவன் கண்முன் இருக்கின்றன. வகையையும் படிநிலையையும் குறிப்பதற்குத் தமிழிலேயே உதாரணம் உண்டு. வா.செ. குழந்தைசாமி அவர்களின் தலைமையில் 2001ஆம் ஆண்டு தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், அயல்நாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கான சான்றிதழ்ப் படிப்பை அடிப்படை நிலை, இடைநிலை, மேல்நிலை எனப் பிரித்து வைத்தது. எந்தப் படியில் தம் பிள்ளையைச் சேர்ப்பது என்று பெற்றோர் திகைக்க வேண்டியதில்லை.

முன்தகுதியை மறைக்காமல் எழுதுவது மாணவர்களைப் பயமுறுத்திவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. திறந்த இணையப் படிப்புகளில் 100 பேர் சேர்ந்தால் 15 பேர் முடிப்பதே அரிது என்பது உலகறிந்த செய்தி. எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அறியாமலே உள்ளே வந்து, நடுவில் தோற்றதாக எண்ணித் தன்னையே நொந்துகொள்ளும் மாணவனுக்கு நாம் அநீதி செய்தவர்களாகிறோம். ‘கிரந்த எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், வாரம் மூன்று மணி நேரம் தேவை’ என்று எழுதும் மூன்று சிறு வாக்கியங்கள், தயங்கி நிற்கும் ஒருவரை உள்ளே அழைக்கவும் செய்யும்.

மூடிலில் ஒரு படிப்பை மாணவர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவைக்கும் வசதி, அதே முதற்பக்கத்தில், பெயர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அடுத்த பருவத்துக்குப் படிப்புகளை ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள், அவ்வசதியைக் கொண்டு படிப்பைச் சில நாள் மறைத்து வைத்துவிட்டு, தம்மை முன்பின் அறியாத ஒரு மாணவரிடமோ மாணவியிடமோ அம்முதற்பக்கத்தை மட்டும் வாசிக்கக் கொடுக்க வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு விடைகளை அப்பக்கத்திலேயே எழுதிச் சேர்த்த பிறகு, படிப்பைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.