பேராமைக்குக் கரையில் காத்திருக்கும் விலை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கடல் இல்லை. செம்மண் தோட்டமும் கிணறும்தான். அதற்காகக் கடலாமையைக் காப்பது கரையோரச் சனத்தின் வேலை என்று நாங்கள் ஒதுங்கிவிட முடியாது. கறிக்கு ஆள் இருந்தபடியால்தான் ஆமை சந்தைக்கு வந்தது.

எப்படி வந்தது என்பதை, இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை மல்லாத்திப் போட்டு, அடியோட்டைக் கழற்றி, உயிர் போகுமுன்னரே துண்டு துண்டாக விற்றார்கள். இதயம் துடிப்பது வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்தது. வாசிக்கவே மனம் பதறுகிறது. 1972 முதல் கடலாமையைக் கொல்வதும் இறைச்சி, முட்டை விற்பதும் இலங்கையில் குற்றம். ஆனாலும் ஆமை இறைச்சியோடு ஆட்கள் பிடிபட்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பச்சைக் கடலாமை எனப்படும் பேராமை ஒன்று போனால் போவது எவ்வளவு? அதன் ஓடு ஒரு மீற்றருக்கு மேல் வளரும். எடை 150 கிலோவையும் தாண்டும். வளர்ந்தபின் பெரும்பாலும் சாதாழை என்ற கடற்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. முதல் முட்டை இட 25, 30 ஆண்டுகள் செல்லும். இரவில் கரையேறி, பின் துடுப்புகளைக் கரண்டி போல் வளைத்து மண்ணை அள்ளி அள்ளிக் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் பெண். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படித் தப்பி வளர்ந்ததைத்தான் அறுக்கிறோம்.

காத்தால் மீளும் என்பதும் உண்மை. 2025 ஒக்ரோபரில் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, உலக அளவில் பேராமையை அழியும் ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கியது. தெற்கே ரெக்காவவில், முன்பு முட்டை எடுத்தவர்களையே சம்பளம் கொடுத்துக் கூடுகளுக்குக் காவல் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

வடக்கின் சிக்கல் வேறு. இங்கே கடலடியைச் சுரண்டும் இழுவைமடி சாதாழைப் படுகையையும் கிழிக்கிறது. மூச்சுவிட மேலே வரவேண்டிய ஆமை மடிக்குள் அடைபட்டுச் சாகிறது. 2017இல் சட்டம் இழுவைமடியைத் தடுத்தும், பாக்குநீரிணையைத் தாண்டி வரும் படகுகள் நிற்கவில்லை. சாதாரண வலையிலும் ஆமை படும். உயிரோடு பட்டதை வெட்டிவிடுவதா, வலையை அறுத்துக் கடலில் விடுவதா என்று மீனவர் யோசிக்கும் அந்த நேரத்தில், கரையில் அதற்கு விலை இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது. அந்த விலையைக் கொடுப்பது கடல் இல்லாத ஊர்க்காரராகவும் இருக்கலாம்.