பழைய தொட்டிலுக்கு வர்ணம் பூசுமுன்

பாட்டனார் காலத்துத் தேக்குத் தொட்டிலையும், கால் ஆடும் மர அலமாரியையும் விறகுக்கு விற்றுவிடாமல், சுரண்டித் தேய்த்து, பட்டி பார்த்து, புதுவர்ணம் பூசி மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவருவது சிக்கனத்துக்கும் முன்னோர் நினைவுக்கும் உகந்த நற்பழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நற்பணியில் முதன்முதலாக எழும்பும் தூசியிலேயே பெரும் அபாயம் கலந்திருக்கக்கூடும் என்பதை நம்மில் பெரும்பாலோர் அறிவதில்லை. அந்த அபாயத்தின் பெயர் ஈயம்.

வர்ணம் பளிச்சென்று தெரியவும், சீக்கிரம் உலரவும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்கவும் ஈயச் சேர்மங்களை அதில் கலப்பது நெடுங்கால வழக்கம். மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய கண்ணைக் கவரும் நிறங்களில் அவை விசேஷமாக இடம்பெற்றன. இதன் தீமையை உணர்ந்து, 1921ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வெள்ளை ஈய வர்ணத்தைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அமெரிக்கா 1978இல் வீட்டு உபயோகத்துக்கான ஈய வர்ணத்தைத் தடை செய்தது. நம் நாட்டிலோ, 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் அமலுக்கு வந்த விதிகளே, வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மிகலாகாது என்று நிர்ணயித்தன. ஆகவே, அதற்கு முன் வர்ணம் பூசப்பெற்ற எந்தச் சாமானையும் ஈயம் உள்ளதாகவே கருதி நடப்பதுதான் விவேகம்.

உடலில் புகும் ஈயத்துக்கு அபாயமற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. வாய்வழி புகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் கிரகித்துக்கொள்ளும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும், வெளியே யாதொரு அடையாளமும் தெரியாமலே குன்றக்கூடும். எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் அடையும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் இதில் பிரத்யேக ஜாக்கிரதை வேண்டும்.

பழைய வர்ணம் உதிராமல் உறுதியாக இருக்கும் அலமாரியாயின், அதைச் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்து மேலே பூசிவிடுவதே உத்தமம். குழந்தை விளிம்பைக் கடிக்கும் தொட்டிலுக்கோ மேற்பூச்சு மட்டும் போதிய காப்பாகாது. அதன் பழைய வர்ணத்தில் ஈயம் இல்லை என்று பரிசோதனையில் தெளிவானாலன்றிக் குழந்தையை அதில் இடலாகாது. சுரண்டியே தீரவேண்டுமென்றால், குழந்தைகளை அப்புறப்படுத்தி, வீட்டுக்கு வெளியே, தண்ணீர் தெளித்துக்கொண்டே தண்ணீர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்ப்பதும், தீச்சுவாலையால் பொசுக்குவதும் கூடவே கூடா. முகத்தில் கட்டும் சாதாரணத் துணி நுண்தூசியைத் தடுக்காது; என்95 போன்ற சுவாசக் கவசம் வேண்டும். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வேலை செய்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

புதிய வர்ணத்தை வாங்குவோருக்குச் சட்டம் உரிமைகளை அளித்திருக்கிறது. ஈயம் மேற்சொன்ன வரம்புக்கு உட்பட்டது என்ற அறிவிப்பு டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை மறுத்துவிடலாம். அவ்விதிகள் வீட்டு உபயோக வர்ணங்களையும் அலங்கார வர்ணங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துவதால், பட்டறையில் மிஞ்சிய தொழிற்சாலை வர்ணத்தைக் குழந்தையின் கட்டிலுக்குப் பூசுவது பெருந்தவறு.

குறைபாடுள்ள பொருளாலோ, ஒழுங்கற்ற வேலையாலோ நஷ்டம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பரிகாரம் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிடில், வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டாண்டுகளுக்குள், தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக் கட்டணம் இல்லை. ரசீதும் டப்பாவும் சாட்சியங்களாதலால், அவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். தூசியைச் சுவாசித்த குழந்தை இருப்பின், வைத்தியரிடம் அந்த விவரத்தை மறையாமல் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் நம் வீட்டைப் பற்றியது. ஆனால் வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டுச் சாமான்களைச் சுரண்டிப் பிழைக்கும் வர்ணத் தொழிலாளி, நாம் ஒருநாள் சுவாசிக்கும் தூசியை நாள்தோறும் சுவாசிக்கிறார். அதே உடையோடு தம் குழந்தைகளிடம் திரும்புகிறார். அவருக்குச் சுவாசக் கவசமும், கை கழுவத் தண்ணீரும், ஈரமாகத் தேய்ப்பதற்கு வேண்டிய கூடுதல் அவகாசமும் கூலியும் தருவது தருமமல்ல, கடமை. நம் குழந்தைக்கு நாம் கோரும் பாதுகாப்பை அவர் குழந்தைக்கும் உறுதிசெய்த பிறகே, வேலையைத் தொடங்கச் சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டாகிறது.