சிலிண்டர் வாய்க்குள் ஒரு கறுப்பு வளையம்... பழவேற்காட்டில் பெரியம்மா எடுத்த கேஸ் பாடம்!

பழவேற்காடு பக்கம் ஒரு குப்பத்தில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. ஏரிக்காற்று நேராகச் சமையலறைக்குள் வரும். ஒரு ராத்திரி எங்களைக் காப்பாற்றியதில் அந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு.

சாயங்காலம் வந்த புது சிலிண்டரை நான்தான் மாட்டினேன். அடுப்பு எரிந்தது, இறால் தொக்கும் ஆனது. அடுப்பை அணைத்தவன் ரெகுலேட்டரை மூட மறந்துவிட்டேன். படுத்த கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. ஏரிச் சேறாக இருக்கும் என்று புரண்டு படுத்துக்கொண்டேன். கருவாடும் சேறும் மணக்கிற ஊரில் மூக்கை நம்ப முடியாது.

பெரியம்மா நம்பினார். எழுந்தவர் லைட் சுவிட்சைத் தொடவில்லை. இருட்டிலேயே தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினார், கழற்றினார், வெள்ளை மூடியை அழுத்தி மாட்டினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். பிறகுதான் என்னை எழுப்பினார். "எழுந்திரு தம்பி, செல்போனைத் தொடாதே. வாசலுக்கு வா."

காலையில் சிலிண்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்தோம். உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பாதி மோதிரம் அளவுகூட இல்லாத பொருள்!

உள்ளே என்ன நடக்கிறது?

சிலிண்டர் வாயில் இருப்பது தானாக மூடிக்கொள்ளும் வால்வு. நடுவில் ஒரு பின், அதைக் கீழிருந்து ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ரெகுலேட்டரை மாட்டி, குமிழைத் திருப்பினால் அதிலுள்ள கம்பி அந்தப் பின்னை அமுக்கும், கேஸ் வரும். திருப்பி மூடினால் ஸ்பிரிங் மறுபடி அடைத்துவிடும். யாரும் எதையும் அமுக்காதபோது மூடியே இருக்கவேண்டும் என்பதுதான் இந்த வடிவமைப்பின் மொத்த சூட்சுமம்.

சரி, பின் அமுங்கியிருக்கும்போது கேஸ் பக்கவாட்டில் கசியாமல் தடுப்பது எது? ரெகுலேட்டரின் மூக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் அந்த ஒற்றை வளையம்தான். மெக்கானிக்குகள் 'ஓ-ரிங்' என்பார்கள். அது அறுந்தாலும் அடுப்பு வழக்கம்போல எரியும். நான் ஏமாந்தது அங்கேதான்.

நம் ஊர் வெயிலில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாராகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. ஓரடி உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் அது. வளையம் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில், முழு அழுத்தத்துக்கும் முகம் கொடுத்தபடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேஸ் தள்ளத் தள்ள, ரப்பர் வளையம் இடுக்கில் போய் இன்னும் இறுக்கமாக உட்காரும். கசியப் பார்க்கிற கேஸே கசிவை அடைக்கிறது! அமெரிக்காவில் குடியேறிய டென்மார்க்காரர் நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930-களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், ரப்பர் மிருதுவாக இருக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங். விசாரணையின்போது விஞ்ஞானி ஃபெயின்மன் அதே ரப்பர் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டினார்.

பெரியம்மா வீட்டிலிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவது தெரியும். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது என் நினைவு சிலிண்டர் பக்கம்தான் போகும்.

ஆட்டோவுக்கு 200 பார்

வீட்டு சிலிண்டரே இப்படியென்றால், சிஎன்ஜி பங்க்கில் ஆட்டோவுக்குப் பிடிக்கிறார்களே, அந்த நாசிலை நினைத்துப் பாருங்கள். அங்கே அழுத்தம் 200 பார் வரை போகும். கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. நம் ஆட்களிடம் இப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது.

அந்த நாசிலை வண்டியில் சரியாகப் பொருத்தி, கைப்பிடியைத் திருப்பினால்தான் கேஸ் பாயும். நிரம்பியதும் அப்படியே பிடுங்க முடியாது. நாசிலுக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கியிருக்கும் கேஸைத் தனி வழியில் வெளியேற்ற வேண்டும். 'புஸ்' என்று கேட்கிறதே, அது கசிவு இல்லை, பாதுகாப்பு. டிரைவர் மறந்துபோய் வண்டியை எடுத்துவிட்டால்? குழாயில் ஓர் இணைப்பு தானே பிரிந்து, இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும்.

அங்கேயும் எதிரி ரப்பரின் வயதுதான். அதிக அழுத்தத்தில் கேஸ் ரப்பருக்குள்ளேயே ஊறும். அழுத்தம் திடீரென இறங்கும்போது ஊறிய கேஸ் விரிந்து கொப்புளம் கட்டும், வெடிப்பு விடும். விரியும் கேஸ் ஜில்லிட்டுப்போய் ரப்பரை விறைக்கவும் வைக்கும். எவ்வளவு நல்ல நாசிலாக இருந்தாலும் வளையத்தை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பயனில்லை.

படகுக்கு வந்தால்?

பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் எல்என்ஜி முனையம் திறக்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரியில் திரவமான இயற்கை எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. ஏரியிலோ இன்னும் டீசல் கேனைத் தோளில் சுமந்துபோய்ப் படகில் ஊற்றுகிறார்கள்.

வாரணாசியில் கங்கைப் படகுகள் நூற்றுக்கணக்கில் சிஎன்ஜிக்கு மாறிவிட்டன. நமோ படித்துறையில் கெயில் நிறுவனத்தின் நிரப்பும் நிலையமே மிதக்கிறது. ஆற்று மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நிலையமும் கூடவே ஏறி இறங்கும்.

இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் கங்கை நன்னீர். இங்கே உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கும், ஸ்பிரிங்கைத் தின்னும். மணல் ஒரு துகள் வளையத்தில் ஒட்டினால் போதும், கீறல் விழும். இன்னொன்று, சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர்போலப் படகின் அடியில் தேங்கும், தீப்பொறிக்குக் காத்திருக்கும். சிஎன்ஜி லேசானது, மேலே போய்விடும். அதனால், முகத்துவாரத்தில் ஆடுகிற படகுக்கு நாசில் செய்பவர் முதலில் இந்தக் குப்பத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. தொக்கு பெரியம்மா வைப்பார்.

வாசலிலேயே பாருங்கள்

சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் கிளம்பும் முன் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். வளையம் முழுசாக, வழவழப்பாக இருக்கவேண்டும். இல்லையென்றாலோ, வெடித்திருந்தாலோ மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி உரசிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். கேஸ் வாடை வந்தால், முதலில் வெளியே வாருங்கள். பிறகு 1906-க்கு போன் பண்ணுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வெள்ளை மூடியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்று ராத்திரி இருட்டில் பெரியம்மா கைக்கு அது உடனே கிடைத்தது, மீன்வலை நைலான் கயிற்றால் அதைச் சிலிண்டர் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருந்ததால்தான். முடிச்சு, வலைக்குப் போடுகிற அதே முடிச்சு.