ஒப்புரவு அருட்சாதனம்

ஒப்புரவு அருட்சாதனம் என்பது கத்தோலிக்க திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாகும். திருமுழுக்குப் பெற்றபின் பாவம் செய்த ஒருவர், அதற்காக மனம் வருந்தி, குருவிடம் அறிக்கையிட்டு, அவர் வழியாக இறைவனின் மன்னிப்பைப் பெற்று, திருச்சபையோடு மீண்டும் இணைக்கப்படுகிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் இது பாவசங்கீர்த்தனம் எனப்பட்டது.

விவிலிய அடிப்படை

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்ததாக யோவான் நற்செய்தி (20:22-23) கூறுகிறது. இவ்வருட்சாதனத்தின் முதன்மைச் சான்றாகத் திருச்சபை இப்பகுதியையே காட்டுகிறது. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் உள்ள ஊதாரி மைந்தன் உவமையும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவ்வுவமையில், மகன் தான் எண்ணி வைத்திருந்த சொற்களைப் பேசத் தொடங்கும் முன்பே தந்தை ஓடிச்சென்று அவனைத் தழுவிக்கொள்கிறார். மன்னிப்பு என்பது அறிக்கையிடுதலுக்குக் கிடைக்கும் கூலி அன்று என்பதை இது காட்டுவதாக இறையியலாளர் விளக்குவர்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'மெட்டனோயா' என்னும் சொல் மனமாற்றத்தைக் குறிக்கும். இலத்தீன் மொழிபெயர்ப்பில் இது 'தவம் செய்தல்' என்றும் பொருள்படும் சொல்லாக அமைந்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயப் பூசல்களில் இவ்வேறுபாட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு. தமிழ் விவிலியங்களில் உள்ள 'மனந்திரும்புதல்', 'மனம் மாறுதல்' ஆகிய இரண்டுமே கிரேக்கச் சொல்லுக்கு நெருக்கமானவை.

மறுதலித்தோர் சிக்கல்

கொடிய பாவம் செய்தவரைச் சபை மீண்டும் ஏற்கலாமா என்பது தொடக்கத்தில் தெளிவான விடை இல்லாத கேள்வியாக இருந்தது. கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுசு, மக்கள் அனைவரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என ஆணையிட்டான். மறுத்தவர்கள் சிறையையும் சாவையும் எதிர்கொண்டனர். பல கிறித்தவர்கள் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். இத்தகைய சான்றிதழ்கள் சில எகிப்தில் பாப்பிரசுத் தாள்களில் கிடைத்துள்ளன.

கொடுமை தணிந்ததும் இவர்களுள் பலர் திரும்பி வர விரும்பினர். இவர்களுக்கு மன்னிப்பு வழங்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்றார் உரோமைக் குருவான நொவாசியன். அவரைப் பின்பற்றியோர் தனிச் சபையாகப் பிரிந்தனர். மறுபுறம், சிறைப்பட்டும் நம்பிக்கையில் உறுதியாக நின்றோர் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களைக் காட்டி உடனே சேர்த்துக்கொள்ளுமாறு வேறு சிலர் வற்புறுத்தினர். கார்த்தேச்சு ஆயர் சிப்பிரியான் இடைவழி ஒன்றைக் கண்டார். கி.பி. 251இல் அங்குக் கூடிய ஆயர் மன்றத்தின் முடிவுப்படி, சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் விசாரணைக்குப்பின் சேர்க்கப்பட்டனர். பலியிட்டவர்கள் நெடுங்காலம் தவம் செய்யவேண்டியிருந்தது. சிப்பிரியானே கொடுமையின்போது தலைமறைவாக இருந்தவர் என்பதால், அவருடைய தீர்ப்பைக் குறைகூறியோரும் இருந்தனர்.

பொதுத் தவத்திலிருந்து தனி அறிக்கைக்கு

அக்காலத் தவம் ஊரறிய நடந்தது. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அதற்கு வாய்ப்பு இருந்ததால், பலர் சாகும் தறுவாய் வரை அதனைத் தள்ளிப்போட்டனர். அயர்லாந்துத் துறவியர் வேறொரு முறையைப் பரப்பினர். அதில் அறிக்கை தனிமையில் நடந்தது; எத்தனை முறையும் செய்யலாம்; ஒவ்வொரு பாவத்திற்கும் உரிய தவம் நூல்களில் வரையறுக்கப்பட்டிருந்தது. மீண்டும் மீண்டும் மன்னிப்புப் பெறும் வழக்கத்தை எசுப்பானியாவில் கூடிய மூன்றாம் தொலேதோ சங்கம் (589) கண்டித்தது. எனினும், காலப்போக்கில் அதுவே மேற்குத் திருச்சபையின் பொது வழக்காயிற்று. நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் (1215) ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிடுவதைக் கட்டாயமாக்கியது.

கூறுகள்

மனத்துயர், அறிக்கையிடுதல், கழுவாய் ஆகிய மூன்றும் பாவம் செய்தவருடைய பங்கு; மன்னிப்பு வழங்குதல் குருவின் பங்கு. திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இதனை வரையறுத்தது. எதையும் செய்துவிட்டுக் குருவிடம் சொன்னால் போதும் என்பது பரவலான தவறான கருத்தாகும். மனத்துயரில், இனி அப்பாவத்தைச் செய்வதில்லை என்னும் உறுதியும் அடங்கும். அது இல்லையேல் மன்னிப்புச் செல்லாது. திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையிலிருந்தும் விடுபடுவதில்லை.

இரகசியம்

அறிக்கையில் கேட்டதைக் குரு எக்காரணத்தை முன்னிட்டும் வெளியிடக்கூடாது. நேரடியாக வெளியிடுபவர் திருச்சபையின் உறவு ஒன்றிப்பிலிருந்து தாமாகவே நீக்கப்படுகிறார். அரசியின் அறிக்கையை வெளியிட மறுத்ததால் பிராகா நகரில் 1393இல் ஆற்றில் வீசிக் கொல்லப்பட்டவராக நெப்போமுக்கு யோவான் போற்றப்படுகிறார். ஆனால் அரசனுக்கும் பேராயருக்கும் இடையிலான அதிகாரப் போட்டியே அக்கொலைக்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் கருத்து.

சிறார் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த ஆசுத்திரேலிய அரச ஆணையம், அறிக்கையில் கேட்டாலும் குரு காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என 2017இல் பரிந்துரைத்தது. விக்டோரியா மாநிலம் 2019இலும் குயின்சுலாந்து 2020இலும் அவ்வாறே சட்டம் இயற்றின. திருச்சபை இதனை ஏற்கவில்லை. குற்றவாளியின் மனமாற்றத்துக்குத் திறந்திருக்கும் கதவு, பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மூடிய கதவாகிவிடுமா என்பதே இவ்விவாதத்தின் மையம்.

பிற சபைகளில்

கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் குரு சாட்சியாக உடன் நிற்பதே அழுத்தம் பெறுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகள் பெரும்பாலும் இதனை அருட்சாதனமாகக் கொள்வதில்லை. அங்கு வழிபாட்டின்போது பொது அறிக்கை இடம்பெறுகிறது. மார்ட்டின் லூதர் தனி அறிக்கையை முற்றிலும் விலக்கியவர் அல்லர். அதனைக் கட்டாயமாக்குவதையே எதிர்த்தார்.

தமிழில்

போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு, பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான வழிகாட்டி நூல் ஒன்றைத் தமிழில் ஆக்கி, 1580இல் கொச்சியில் அச்சிட்டார். 'கொம்பெசியொனாயரு' என்னும் அந்நூல் தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகும்.