புத்தளக் கரையும் கடற்கோளும்

கடற்கோள் என்னுஞ் சொல் தமிழ் நூல்களிற் பழையது. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் வருகிறது. களனிதீச மன்னன் காலத்திற் கடல் பொங்கியதை மகாவமிசம் கூறுகிறது. இரண்டிற்கும் தெய்வச் சினமே காரணமாகச் சொல்லப்பட்டது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்ட பேரலையின் காரணம் ஐயமின்றி அறியப்பட்டது. எனினும், கிழக்கிலும் தெற்கிலும் ஊர்களை அழித்த அவ்வலை, சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, கற்பிட்டிப் பக்கங்களில் மெலிந்தமைக்குக் காரணம் யாது என்பது ஆராயத்தக்கது.

காற்றால் எழும் அலை கடலின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கும். ஆழிப்பேரலையோ அடித்தளம்வரை உள்ள நீர் முழுவதும் அசைவதால் உண்டாவது. குளத்திற் கல்லெறிதலை இதற்கு உவமை கூறுவாருளர், அது பொருந்தாது. நீர் நிறைந்த அண்டாவின் அடித்தகடு திடீரென மேலே உந்தப்பட்டதாக எண்ணுதலே தகும். சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு கீழே நுழைகையில், மேலுள்ள தட்டின் விளிம்பையும் பற்றி இழுக்கிறது. நெடுங்காலம் வளைந்த அவ்விளிம்பு அன்று ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு விடுபட்டு மேலெழுந்தது. எரிமலையாலும் இஃது நிகழலாம். 1883இல் கிரக்கத்தோவா வெடித்தபோது எழுந்த அலை இலங்கைக் கரையிலும் காணப்பட்டது.

நடுக்கத்தின் அளவு மட்டும் அலையின் அளவை முடிவு செய்வதன்று. 2004இன் நடுக்கம் 9.1 அளவினது. 2005 மார்ச்சு 28இல் நியாசுத் தீவருகே நேர்ந்தது 8.6, அஃது ஐந்து மடங்குக்கு மேல் ஆற்றல் குறைந்தது. அன்றியும், உயர்ந்த நிலத்திற் பெரும்பகுதி தீவுகளின் அடியிலும் ஆழமற்ற கடலிலும் இருந்தமையால், தள்ளப்பட்ட நீர் சிறிதே. 2012 ஏப்பிரல் 11இல் நேர்ந்ததும் 8.6 அளவினதே, ஆனால் அங்கே தட்டு பக்கவாட்டில் நழுவிற்று. கடலடி உயராதாயின் நீர் எவ்வாறு உயரும்? அன்று இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு வெளியேறினர், பேரலை வரவில்லை. இதனை வீண் அச்சம் என நகைத்தல் அறியாமை. நடுக்கத்தின் அளவு விரைவில் தெரியவரும். நழுவிய திசை அதன் பின்னரே தெளிவாகும்.

நாலாயிரம் மீற்றர் ஆழக் கடலில் இவ்வலை மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லும். 2004இல் வங்கக் கடலின் நடுவே செய்மதி அளந்த உயரம் ஏறத்தாழ 60 சதமமீற்றரே. பத்து மீற்றர் ஆழத்துக்கு வருகையில் வேகம் 36 கிலோமீற்றராகக் குறையும். பின்வரும் நீர் முன்னதை நெருங்குவதால் உயரம் நான்கரை மடங்காகும்.

இனிப் புத்தளத்தின் செய்தி. முறிவு ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடந்தமையால் அலையின் பேராற்றல் கிழக்கும் மேற்கும் நோக்கிச் சென்றது. கிழக்கிலங்கை அதன் நேரெதிரே நின்றது. மேற்குக் கரையை அடைய அலை தெய்வந்துறை முனையைச் சுற்றி வளைய வேண்டியிருந்தது. வளையுந்தோறும் ஆற்றல் பரவிக் குறையும். காலிக்கும் பேரலியவுக்கும் அக்குறைவு போதவில்லை. புத்தளமோ தீவின் நிழலில் நெடுந்தூரம் உள்ளே இருந்தது. மேற்கே மக்கிரான் கரையில் 1945 நவம்பரில் ஒரு பேரலை எழுந்தது. அங்கிருந்து வருவதற்கும் இந்தியாவின் தென்முனை குறுக்கே நிற்கிறது.

ஆயினும் நிழல் மதிலன்று. மாலைதீவிற் பட்டுத் திரும்பிய அலைகள் முதலலைக்குச் சில மணிநேரம் பிந்தி மேற்குக் கரைக்கு வந்தன. கற்பிட்டித் தீபகற்பமோ கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த மணல்நிலம்; நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அக்கரையிலேயே உளது. ஏறிநிற்க மேடில்லை, தரைவழியே வெளியேறுவோர் தெற்கே பாலாவிப் பக்கமே வரவேண்டும். வளைந்து வரும் அலை பிந்தி வருதலால் கிடைக்கும் நேரம் அவ்வழிக்கே வேண்டியதாகும்.