புறத்தே தோன்றாப் புண்

போர்க்களத்தில் மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றினர் பண்டைத் தமிழர். ஆயின், புறத்தே தோன்றாத புண்ணும் உண்டு. குண்டு வெடிக்கும்பொழுது எழும் அதிர்ச்சியால் வீரனது மண்டையோட்டினுள் மூளை குலுங்குகிறது. பலர் சில கிழமைகளில் நலமடைவர். சிலருக்கோ தலைவலி, தலைச்சுற்றல், உறக்கமின்மை, மறதி ஆகியவை நீடிக்கும்.

முதல் உலகப்போரின்பொழுது இத்துன்பத்தைக் கோழைமை எனப் பழித்தவர் பலர். சார்லசு மையர்சு என்னும் ஆங்கில மருத்துவர் 1915-ஆம் ஆண்டில் இதனைக் ‘குண்டதிர்ச்சி’ என்னும் பெயரால் மருத்துவ இதழொன்றில் விளக்கினார்.

அரிசி ஆலைகள் மிகுந்த மண்ணச்சநல்லூருக்கு அத்தகைய வீரர் ஒருவர் திரும்புகிறார் எனக் கொள்க. ஆலை இரைச்சலுக்கு அஞ்சி அவர் வீட்டினுள்ளேயே அடைந்து கிடப்பின் துன்பம் வளரும். நடத்தைச் சிகிச்சை அளிப்போர், குறித்த நேரத்தில் உறங்கி எழவும், செய்ய வேண்டியவற்றை ஏட்டில் குறித்துவைக்கவும் அவரைப் பயிற்றுவர். முதலில் தெருமுனை, அடுத்துக் கடைவீதி, பின்னர் ஆலை வாயில் எனச் சிறிது சிறிதாக வெளியே செல்லப் பழக்குவர். ‘இனி நலம் இல்லை’ என்னும் எண்ணம் மெய்தானா என அவரையே ஆராயச் செய்வர். வீட்டார் கடிந்து பேசாது துணைநிற்றல் இப்பயிற்சிக்கு உரமாகும்.

விழுப்புண்ணைப் போற்றிய தமிழர், விழிக்குப் புலனாகாத புண்ணையும் மதித்தல் வேண்டும்.