தானியேலின் தீர்மானமும் பட்டணத்து வாழ்வும்



எங்கள் சபையில் ஒரு வாலிபத் தம்பி உண்டு. வேலைக்காகத் தென்மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர். லிங்கராஜபுரத்தில் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று வருவார். வீடு சேர இரவு பத்து மணியாகும். ஆனாலும் வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தை அவர் தவறவிட்டதில்லை. பிரசங்க பீடத்திலிருந்தே அவரைப் புகழ்ந்திருக்கிறேன். அவர் எப்போது உறங்குகிறார் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவில் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக மருத்துவர் சொன்னபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. அன்று நான் கடிந்துகொண்டது அவரை அல்ல, என்னையே.

இந்தப் பட்டணம் நம் நேரத்தை நம்மைக் கேளாமலே எடுத்துக்கொள்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இங்கே பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்கள் ஆயின. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இருதய நோயால் மரிக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அது கூறுகிறது.

தானியேலும் நம்மைப்போல் அந்நிய பட்டணத்தில் வாழ்ந்தவரே. ஊர், வேலை, பெயர் ஆகிய மூன்றையும் பிறரே அவருக்குத் தீர்மானித்தார்கள். தட்டில் எதை ஏற்பது என்பதை மட்டும் அவர் தம் இருதயத்தில் தீர்மானித்தார். அதிகாரியிடம் பணிவாகக் கேட்டார். பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி வேண்டினார். எல்லாவற்றையும் மாற்ற நம்மாலும் இயலாது. ஆனால் சிலவற்றைத் தீர்மானிக்கலாம்.

1. உறக்கத்தைத் தீர்மானியுங்கள். சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. உறங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தான். உறக்கம் சோம்பல் அல்ல. தேவன் தந்த ஈவு.

2. கைபேசிக்கு எல்லை வையுங்கள். அதற்கு அடிமையானோருக்காகவே ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் 'ஷட்' என்னும் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. இரவு உணவு வேளையில் வீட்டார் எல்லோருடைய கைபேசியும் ஓரிடத்தில் ஓய்வு எடுக்கட்டும்.

3. "இயலாது" என்று சொல்லப் பழகுங்கள். அலுவலகத்தில் மட்டுமல்ல, சபையிலும். நியாயம் விசாரித்துக் களைத்த மோசேக்குப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி ஆலோசனை சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. அதைக் கேட்டு நடந்ததால் மோசேயின் ஊழியம் குறைந்துபோகவில்லை.

4. உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. பவுலின் உடன் ஊழியராகிய லூக்கா வைத்தியரல்லவா? மனம் பாரப்படும்போது 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை இது.

அருமையான தாய்மார்களே, இது உங்களுக்கும்தான். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை நின்றுகொண்டே உண்கிறீர்கள். இன்று வீட்டாரோடு உட்கார்ந்து உண்ணுங்கள்.

தம்பி இப்போது அலுவலகத்துக்கு அருகே குடிபெயர்ந்திருக்கிறார். மாத்திரை தவறாமல் உட்கொள்கிறார். நாங்களும் முழு இரவு ஜெபத்தை மாதத்துக்கு ஒன்றாக்கி, மறுநாள் விடுமுறையுள்ள நாளுக்கு மாற்றினோம். சிலர் குறை சொன்னார்கள். ஆனால் அன்றிரவு யாரும் தூங்கி விழுவதில்லை. விழித்த மனதோடு ஜெபிக்கிறார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் சரீரம் தேவனுடைய ஆலயம். அதன் காவலை உங்களிடம் ஒப்புவித்திருக்கிறார். இன்றிரவே ஒரே ஒரு தீர்மானம் எடுங்கள். தானியேலைப்போல் பத்து நாள் சோதித்துப் பாருங்கள். கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.